காமாட்சி அக்காவின் கண்ணாடி ஏன் நழுவியது

“பேனா பிடிச்ச கையால்ல இருக்கு. இந்தக் கைக்கு ரப்பர் ஏறுமா?”

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் கடையில் வேலை கேட்டுப் போன அன்று, கடைக்காரர் எஸ்தர் மேடம் என் சான்றிதழ்களைத் தொடக்கூட இல்லை. என் வலது கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டார். நான் இயற்பியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆளும் நான்தான், கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இரண்டிலும் எனக்குப் போட்டியே கிடையாது. “ஏறும் மேடம்” என்றேன். எந்த ரப்பர், எதன்மேல் ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

போன மாதம் அந்தக் கடையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வு என்றால் தலை நரைத்த பிறகுதான் பெற வேண்டுமா என்ன? முப்பது வயதைத் தொடாத எனக்கும் பொன்னாடை போர்த்தினார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், ஆளுக்கொரு ஜாங்கிரி தின்றார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் நந்தினி அன்று கேட்டாள்: “அக்கா, ரப்பர் மாத்துறதுல அப்படி என்ன இருக்கு? எழுதிக் குடுங்களேன்.” செல்போனில் நாலு வரி அனுப்புவேன் என்று நினைத்திருப்பாள். படித்தவளிடம் எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிழித்தேன், உடைத்தேன், ஒருமுறை துப்பட்டா நுனியை ஹீட்டரில் பொசுக்கினேன். லென்ஸ் வழியாக ஒளி எப்படிப் போகும் என்று படம் வரைந்து காட்டத் தெரிந்த எனக்கு, அந்த லென்ஸ் மூக்கின்மேல் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று தெரிய ஒரு மழைக்காலம் ஆனது.

வேலை இதுதான். கண்ணாடியின் பக்கக் கம்பி காதின்மேல் ஏறிப் பின்னால் வளைந்து இறங்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் முனை இருக்கும். அதன்மேல் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் உறை. கண்ணாடியை நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். வியர்வையும் தலை எண்ணெயும் ஊறி அது முதலில் பிசுபிசுக்கும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் வெடிக்கும். பழைய ரப்பரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் பாதி கையோடு வரும், பாதி அங்கேயே குடியிருக்கும். பிளேடு முனையால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, ஊறவைத்த மொச்சையின் தோலைப் பிதுக்குவதுபோல மெதுவாக உரிக்க வேண்டும். கம்பியும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். ஸ்பிரிட் நனைத்த துணியால் அதைத் துடைக்க வேண்டும். புது ரப்பரின் துளை பெரிதாக இருந்தால் மாட்டியபின் சுழலும், சிறிதாக இருந்தால் ஏற்றும்போதே வாய் பிளக்கும். சரியானதை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கித் திருகித் திருகி ஏற்ற வேண்டும். எச்சில் தொட்டு ஏற்றுகிறவர்களும் உண்டு. எஸ்தர் மேடம் கடையில் அதைச் செய்தவர் மறுநாள் வேறு கடையில் இருப்பார்.

ஏற்றியதோடு முடியாது. காதின் மேல்விளிம்பு எந்த இடத்தில் கீழே இறங்கத் தொடங்குகிறதோ அந்த இடத்தில்தான் கம்பியும் வளைய வேண்டும். கட்டை விரலைக் காதுக்குப் பின்னால் வைத்து அந்த இடத்தைத் தடவித் தெரிந்துகொண்டு, முனையை ஹீட்டரில் சூடு காட்டி வளைக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் வளைத்தால் காதுக்குப் பின்னால் புண், கொஞ்சம் பின்னால் வளைத்தால் கண்ணாடி மூக்கு நுனியில்.

எஸ்தர் மேடம் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாங்கள் முடித்துக் கொடுக்கும் கண்ணாடியைக் கவிழ்த்து மேசைமேல் வைப்பார். நகத்தால் ஒரு மூலையைத் தட்டுவார். எல்லா முனையும் மேசையைத் தொட்டு நின்றால் சத்தம் வராது. எங்காவது கோணியிருந்தால் ‘டக் டக்’ என்று ஆடும். ஆடினால், ஒற்றை விரலால் அதை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுத் தெருவைப் பார்க்கத் திரும்பிவிடுவார். அந்த ஒற்றை விரல் தள்ளியதில் எத்தனையோ நாள் எனக்குச் சோறு இறங்காமல் போயிருக்கிறது. ஆடாவிட்டால் வாடிக்கையாளரிடம் திரும்பிச் சொல்வார்: “மாட்டிட்டுத் தலையக் குனிங்க. இப்ப மாட்டேன் மாட்டேன்னு ஆட்டுங்க.” ஏலக்காய் வியாபாரிகள், தலைமையாசிரியர்கள், கல்யாணம் நிச்சயமான பெண்கள் எல்லோரும் எங்கள் கடையில் தலை குனிந்து மாட்டேன் மாட்டேன் என்றிருக்கிறார்கள். நழுவாவிட்டால் போகலாம்.

எனக்குக் கை தேர்ந்தது. கை தேர்ந்ததும் வாயும் தேர்ந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் ரப்பரின் குணங்களைப் பற்றி வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். என் பெயரை அச்சடித்த அட்டை ஒன்றை நானே செய்து சுடிதாரில் குத்திக்கொண்டேன். கடையில் வேறு யாருக்கும் அட்டை கிடையாது.

இந்த நேரத்தில்தான் ராசிங்காபுரத்திலிருந்து காமாட்சி அக்கா வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. வழிய வழிய எண்ணெய் தடவிச் சீவிய தலை, கனகாம்பரம், மடிப்பு கலையாத சேலை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறார். நாற்பதைத் தாண்டியதும் பக்கத்துப் பார்வை மங்கிவிட, எங்கள் கடையில்தான் முந்தின வருடம் கண்ணாடி போட்டிருந்தார். ரப்பர் தேய்ந்துவிட்டது, கண்ணாடி நழுவுகிறது என்றார். மாற்றினேன். வளைத்தேன். தலையைக் குனிந்து ஆட்டச் சொன்னேன். கல்லில் பதித்ததுபோல நின்றது. மேடம் கவிழ்த்துத் தட்டினார். சத்தமில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார்.

“நழுவுதும்மா.”

“எப்படி நழுவும்? இப்ப மாட்டுங்க.” மாட்டினார். குனிந்தார். ஆட்டினார். நின்றது. “நிக்கிதே?”

“இங்கன நிக்கிது. மலையில நிக்க மாட்டேங்குது.”

நான் சிரித்தேன். மலைக்குப் போனால் ரப்பருக்குக் குணம் மாறுமா? எஸ்தர் மேடம் ரப்பரை நிமிண்டிப் பார்த்து, “இந்த லோடே மட்டமா வந்திருக்கு. வேற மாத்து” என்றார். மாற்றினேன்.

மூன்றாம் முறை அவர் வந்தபோது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நான் முடிவு செய்தேன். எண்ணெய்! எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பும், வழுக்கும். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன். “இனிமே தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது.”

“ஐயய்ய. எண்ணெய் வைக்காம எப்படித்தா டவுனுக்கு வர்றது? பரதேசி கணக்கா.”

“அப்ப நழுவத்தான் செய்யும்.”

பாவம், கேட்டார். அடுத்த வாரம் தேங்காய் நார் போலத் தலைமுடி பறக்க வந்து நின்றார். ஜீப்பில் எல்லோரும் யாருக்கு என்ன ஆச்சு என்று துக்கம் விசாரித்தார்களாம். கண்ணாடி என்ன ஆனது என்று கேட்டேன்.

“நழுவுது.”

அதன்பின் வளைவை இறுக்கினேன். கண்ணாடி அப்போதும் நழுவியது. கூடவே காதுக்குப் பின்னால் புண்ணும் வந்தது. நூல் கட்டிப் பார்த்தீர்களா என்று தோற்றுப்போய்க் கேட்டேன். “கட்டிப் பாத்தேன். நடக்கையில கழட்டணும்ல, கிட்டப் பாக்குற கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஏத்த எறக்கத்துல நடந்தா குழி எது மேடு எதுன்னு தெரியல. அவுக்கிறதும் கட்டுறதுமா அதுவே ஒரு சோலியாப் போச்சு.”

அன்றுதான் முழுக் கதையையும் சொன்னார். ஏலச்செடியில் காய் அடித்தூரில் தரையோடு சரம் சரமாகப் பிடித்திருக்கும். உட்கார்ந்து, முகத்தைத் தரைக்குக் கொண்டுபோய்ப் பழுத்ததை மட்டும் கிள்ள வேண்டும். பிஞ்சு அப்படியே நிற்க வேண்டும். மர நிழலில் இரண்டுக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. கண்ணாடி நழுவி நழுவி, பார்த்துக் கிள்ள வேண்டியதை அவர் தடவிக் கிள்ளிக்கொண்டிருந்தார். கூடையில் பிஞ்சு விழுந்துகொண்டே இருந்தது.

“சூப்பர்வைசர் சொல்லிட்டாரும்மா. திங்கக்கிழமை எங்கூடவே நின்னு பாப்பாராம். பிஞ்சு கெடந்தா காய் எடுக்குற செட்டுலருந்து எடுத்துருவாராம். களை வெட்டுற செட்டுல எடம் இல்ல. செட்டு போச்சுன்னா ஜீப்புல எடமும் போச்சு. வீட்டுலதான் கெடக்கணும்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “நீங்க கவலப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்” என்றேன். அவர் கண்ணாடிக்குச் சரியான துளையுள்ள ரப்பர் அன்று கடையில் தீர்ந்துபோயிருந்தது. சாயங்கால பஸ்ஸில் மதுரையிலிருந்து வரும், மாற்றிக் காலையில் ஜீப் நிற்கும் இடத்துக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை விடியும் நேரம். என் அம்மாவும் தோட்ட வேலைக்குத்தான் போகிறார், வேறு ஜீப்பில். என்னை ஒருநாளும் மலைக்கு அழைத்துப் போனதில்லை; நானும் மலையை அவருக்கே விட்டுக்கொடுத்திருந்தேன். ஆகவே அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. ராசிங்காபுரத்து ஜீப் வந்து நின்றது. உள்ளே ஒருவர்மேல் ஒருவராகப் பெண்கள். எல்லோரும் சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். தலையில் துண்டு, காதை மூடிக் கழுத்துவரை இறுக்கிக் கட்டியிருந்தது.

வாசலோரம் இருந்த பெண்ணிடம் கேட்டேன்: “காமாட்சி அக்கா இன்னிக்கு வரலையா?”

அந்தப் பெண் என்னையே பார்த்தார். ஜீப் மொத்தமும் சிரித்தது.

“ஏத்தா, நாந்தான காமாட்சி!”

“ஞாயித்துக்கெழம ரெண்டு காதையும் பிடிச்சு முறுக்குன புள்ளைக்கு ஆளத் தெரியலயாம்டி!” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

வெட்கத்தோடு கண்ணாடியை நீட்டினேன். வாங்கி மாட்டினார். துண்டுக்கு மேலே மாட்டினார்.

காதைத் தேடி நான் அத்தனை பாடுபட்டு வளைத்த வளைவு, கட்டை விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்த இடம், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும் ரப்பர் எல்லாம் துண்டின் தடிப்பின்மேல் ஏறி, காதுக்கு ஒரு விரற்கடை மேலே, எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நின்றன. துண்டு கட்டியதும் தலை அகலமாகிவிட்டிருந்தது. கம்பி இரண்டும் விரிந்து, கண்ணாடி தானாகவே முன்னால் வழுக்கி வந்தது. குனியக்கூட வேண்டியிருக்கவில்லை.

குளிருக்கும் தூறலுக்கும் பூச்சிக்கும் மலையில் எல்லோரும் காதை மூடித்தான் துண்டு கட்டுகிறார்கள். டவுனுக்கு வரும்போது யாரும் துண்டோடு வருவதில்லை. குளித்து, எண்ணெய் வைத்து, பூ வைத்துத்தான் வருவார்கள். நான் வாரம் தவறாமல் அளவெடுத்தது ஞாயிற்றுக்கிழமைத் தலையை. கண்ணாடி வேலை செய்ததோ திங்கட்கிழமைத் தலையில். எங்கள் வீட்டுக் கொடியில் அம்மாவின் அந்தத் துண்டைத் துவைத்துக் காயப்போடுவதே நான்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

டிரைவர் ஹாரனை அமுக்கினார். “ஏறுறதுன்னா ஏறு, எறங்குறதுன்னா எறங்குத்தா. வெரசா!”

ஏறிவிட்டேன். கையில் பிளேடு, ஸ்பிரிட், ரப்பர்கள் இருந்த டப்பா. சுடிதாரில் பெயர் அட்டை. முனையை வளைக்கச் சூடு வேண்டும். போடிமெட்டு டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன். ஒரு வளைவில் இல்லை, பல வளைவுகளில். ஒவ்வொரு தடவையும் ஜீப்பை ஓரங்கட்ட வேண்டியிருந்தது. “தோட்டக்காரி பெத்த மகளாம்ல இது” என்று யாரோ முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். நேரமாகிவிட்டது என்று டிரைவர் டீக்கடையில் நிறுத்தாமலே கேரள எல்லையைத் தாண்டிவிட்டார். இத்தனை பேர் டீ குடிக்க முடியாமல் போனதற்கும் நான்தான் காரணம்.

தோட்டத்தில் சூப்பர்வைசர் தங்கச்சன் சார் காத்திருந்தார். கையில் குடை, தோளில் பிளாஸ்க்.

“எந்தா இது? புதிய ஆளோ?”

“கண்ணாடிக்கடை டாக்டரு சார். காமாட்சி கூட வந்திருக்கு” என்றாள் ஒருத்தி. என் அட்டையை அவர் குனிந்து படித்தார். காமாட்சி அக்காவைப் பார்த்து, “இரி. எடு” என்றார்.

அக்கா செடியடியில் உட்கார்ந்து குனிந்தார். கண்ணாடி நேரே மூக்கு நுனிக்கு வந்தது. முழங்கையால் மேலே தள்ளினார். மறுபடி வந்தது. ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிள்ளினார். தங்கச்சன் சார் அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சார், அதுல என்ன இருக்கு?”

“கட்டன் சாயா.”

“சூடா இருக்கா?”

குடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்து, அந்தப் பால் விடாத டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர். நான் காமாட்சி அக்காவின் கண்ணாடியைக் கழற்றி, ஒரு கம்பியின் முனையை அதற்குள் விட்டேன்.

“அய்யோ, எந்தா மோளே இது! அது என்டெ சாயா!”

“ஒரு நிமிஷம் சார்.”

பிளாஸ்டிக் முனை இளகியது. பழைய வளைவை நிமிர்த்தினேன். துண்டின்மேலேயே கட்டை விரலை வைத்து, உள்ளே காது இறங்கும் இடத்தை அழுத்திக் கண்டுபிடித்து, அங்கே, வெகுவாகப் பின்னால் தள்ளி, துண்டையும் சேர்த்து அணைக்கிற மாதிரி அகலமாக வளைத்தேன். அதற்குள் மூடியில் இருந்தது ஆறிவிட்டது. மறு கம்பிக்கு இன்னொரு மூடி கேட்டேன். ஊற்றினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கம்பிகள் பிரேமோடு சேரும் மூலையைக் கையாலேயே கொஞ்சம் விரித்தேன். மேசை இல்லாததால் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க முடியவில்லை.

“மாட்டுங்கக்கா. குனிங்க. மாட்டேன் மாட்டேன்னு ஆட்டுங்க.”

ஆட்டினார். பக்கத்துச் செடிகளில் இருந்தவர்களும் சேர்ந்து ஆட்டினார்கள். “வேலைக்கு மாட்டேன்னு சொல்லுறியோ எல்லாரும்?” என்றார் தங்கச்சன் சார்.

நின்றது. அக்கா இரண்டு கையாலும் கிள்ளத் தொடங்கினார். கூடையின் அடி நிறைந்ததும் தங்கச்சன் சார் அதை வாங்கிச் சாக்கில் கொட்டினார். விரலால் பரப்பினார். புரட்டினார். என் செருப்புக்குள் அட்டைப்பூச்சி ஏறியிருந்ததுகூட எனக்கு அப்போது தெரியவில்லை. ஒரு பிஞ்சை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். இன்னும் கிளறினார். வேறு கிடைக்கவில்லை. அதைச் சாக்கிலேயே போட்டார்.

“ம். நாளையும் வா” என்று காமாட்சி அக்காவிடம் சொன்னார். என்னிடம் காலி பிளாஸ்க்கைக் காட்டி, “நீ வரண்டா, வரவே வேண்டாம்” என்றார்.

அந்தச் சாயாவில் சர்க்கரை போட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்று கண்ணாடியைப் பிடித்து நிறுத்தியது என் வளைவா, துண்டில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அடுத்த வாரம் ஒழுங்காகக் கழுவிப் பார்த்தபோதும் நின்றது என்று அக்கா சொன்னார். அவர் இன்றுவரை காய் எடுக்கும் செட்டில்தான் இருக்கிறார்.

பஸ் பிடித்துக் கடைக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. என் சேறு படிந்த சுடிதாரை எஸ்தர் மேடம் மேலிருந்து கீழாகப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போய்த் துவைத்து மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்துவந்து, தன் தலையில் காதை மூடிக் கட்டிக்கொண்டார். அலமாரியிலிருந்து ஒரு பிரேமை எடுத்து மாட்டிச் சுவர்க் கண்ணாடி முன் குனிந்தார். பிரேம் விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினார். மறுபடி விழுந்தது. ஏலக்காய் வியாபாரி ஒருவர் கடைப்படி ஏறியவர், மேடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போனார்.

“இத்தன வருசமா நாம பாதி ஊருக்குத் தப்பா வளைச்சிருக்கோம்” என்றார் மேடம்.

அன்றுமுதல் வருகிற எல்லோரிடமும் “தலையில என்ன கட்டுவீங்க?” என்று கேட்கத் தொடங்கினேன். “என்னைப் பாத்தா துண்டு கட்டுற ஆளாட்டமா தெரியுது?” என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. தோட்டத்துப் பெண்களிடம் துண்டைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார்கள், பைக்கு அடியில் மடித்து. ஆனால் கடைக்குள், அத்தனை பெரிய கண்ணாடியின் முன், பூ வைத்த தலையில் அதைக் கட்டச் சொன்னால் ஒருத்தரும் கட்டவில்லை. “சும்மா அப்படியே பாத்து வளைச்சு விடுத்தா” என்பார்கள். குத்துமதிப்பாக வளைப்பேன். நழுவும். திரும்ப வருவார்கள். காமாட்சி அக்காவே கடையில் துண்டு கட்ட ஒப்பவில்லை. “மலையில கட்டுறத இங்க கட்டுவாகளா? நல்லாச் சொன்ன போ” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர் அட்டை குத்திக்கொண்டு மலை ஏறியவள் நான்.

அந்தத் திங்கட்கிழமைத் தலை கடைக்கு வராது என்று புரிந்தபோதுதான் ஓய்வு பெறுவது என்று முடிவெடுத்தேன். எஸ்தர் மேடத்திடம் சொன்னேன். தெருவைப் பார்க்கத் திரும்பினார். பிறகு பழைய ஹீட்டரை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். “இது ஒனக்கு. ரப்பர் மட்டும் எங்கிட்டதான் எடுக்கணும்” என்றார்.

ஆகவே நந்தினி, ரப்பர் மாற்றுவதில் அப்படி என்ன இருக்கிறது என்றால், மேலே மொச்சைத் தோல் என்று எழுதியிருக்கும் பத்தியில் எல்லாம் இருக்கிறது. அதை மட்டும் படித்தால் போதும்.

போன திங்கட்கிழமை போடிமெட்டில் டீக்கடை ஓரம் ஒரு மேசை போட்டு, ஹீட்டரை அந்தக் கடைக்காரரின் பிளக்கில் மாட்டினேன். பனி விலகாத நேரத்தில் முதல் ஜீப் வந்து நின்றது. பெண்கள் டீ குடிக்க இறங்கினார்கள். மூன்று பேர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். மரியாதைக்காக, அவர்களில் ஒருத்தியின் கை தலை முடிச்சுக்குப் போனது.

“துண்ட அவுக்காதீங்கக்கா” என்றேன். “அப்படியே உக்காருங்க.”